சேவ் பண்ணிட்டீங்களா சார்?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. சாயங்காலம் வெளியே வரும் எல்லோரையும் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்துவார். பையைத் திறந்து பார்ப்பார். டிபன் பாக்ஸை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். சாம்பார் வாசனையோடு பித்தளைத் துண்டு ஏதாவது கிளம்புகிறதா என்ற சந்தேகம்!

என் பையை மட்டும் யாரும் தொடுவதில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"சேவ் பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன்" என்று வாயால் சொன்னால் போதாது. நீளமான கேட் நோட்டில் எனக்கென்றே கோடு போட்டு வைத்திருக்கும் கட்டத்தில் மணியைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் சங்கிலி இறங்கும்.

இந்தத் தனி மரியாதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

*

எனக்குத் தொழில் டெலிபோன். வீடு ஆவடி. அம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் வரை இருக்கிற சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் போன் வைப்பது, வைத்த போனைப் பார்த்துக்கொள்வது, 'போன் போகலை' என்று போன் வந்தால் ஓடுவது. போன் போகாத ஊரிலிருந்து போன் எப்படி வருகிறது என்று கேட்காதீர்கள். செல்போன்!

நான் சொல்கிற கம்பெனியில் ஆபீஸ், ஸ்டோர்ஸ், மெஷின் ஷாப், கேட் எல்லாம் சேர்த்து நாற்பது போன். எல்லாம் கம்ப்யூட்டர் கேபிளில் பேசுகிற ஜாதி. நாம் பேசுவதை வெங்காயம் மாதிரி இருபது மில்லி செகண்டுத் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு ஐம்பது பொட்டலம் கட்டி அனுப்பும். ஆனால் வெளியிலிருந்து வரும் டெலிபோன் லைனுக்குப் பொட்டலம் எல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது பழைய செம்புக் கம்பிதான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்ல ஒரு துபாஷி வேண்டும் அல்லவா? அதுதான் கேட்வே. பார்த்தால் ஒரு பழைய வி.சி.ஆர். அளவு பெட்டி. முகத்தில் நாலு பச்சை விளக்கு. பின்னால் விசிறிச் சத்தம்.

துபாஷிக்குச் சொந்த புத்தி கிடையாது. நாம் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். எந்த எண் அடித்தால் எந்த லைனில் போக வேண்டும், யார் வெளியூர் பேசலாம், யார் பேசக் கூடாது, எந்த எண்ணை வெட்ட வேண்டும், எதை ஒட்ட வேண்டும் என்று சுமார் முந்நூறு வரியில் ஒரு சாசனம். அதன் பெயர் கான்ஃபிகரேஷன் ஃபைல். எங்கள் பாஷையில் கான்ஃபிக்.

கான்ஃபிக்கில் ஒரு புள்ளிக்கு ஓர் இலக்கம். செல்போன் எண் என்றால் முதல் இலக்கம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள், அப்புறம் ஒன்பது புள்ளி. ஒரு தடவை ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். நீங்கள் பத்தாவது இலக்கத்தை அழுத்துவதற்குள் பெட்டி அவசரப்பட்டு ஒன்பதோடு கிளம்பிவிடும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பின பஸ் மாதிரி! அன்று மத்தியானம் முழுக்க அக்கவுன்ட்ஸ் அம்மாள் ஒரு டீலரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் தன் விரலையே சந்தேகப்பட்டார்.

ஒரு வரியில் போன் கெடும் என்றால், இன்னொரு வரியில் மானமே கெடும். முதலாளிக்குக் கோயமுத்தூரில் ஒரு கிளை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் சார், கோயமுத்தூர் ஆபீசிலிருந்து இன்டர்நெட் வழியா இங்க கொண்டாந்து, நம்ம பெட்டியில விட்டு, மெட்ராஸ் நம்பருக்கு லோக்கல் கால் மாதிரி அனுப்பிட்டா என்ன? எஸ்.டி.டி. காசு மிச்சம்தானே?"

மிச்சம்தான். ஆனால் அதற்கு 'டோல் பைபாஸ்' என்று பெயர். நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி கொடுத்தபோதே, அதை உள்நாட்டுச் சாதாரண டெலிபோன் வலையோடு கலக்கக் கூடாது என்று தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்கள். அதனால் ஆபீஸ் பெட்டிகளில் இரண்டையும் பிரித்து வைக்கிற வேலையும் கான்ஃபிக் தலையில் விழுந்தது. சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. நாலே நாலு வரி. அந்த நாலு வரியை அழித்தால் மாசம் கொஞ்சம் மிச்சம், மாட்டினால் எல்லாம் செலவு. முதலாளி யோசித்துவிட்டு, "வேணாம், இருக்கட்டும்" என்றார். எஸ்.டி.டி.யே காசில்லாமல் போகிற காலம் வரும் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

இவ்வளவு அதிகாரம் படைத்த சாசனம் எங்கே இருக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

*

பெட்டிக்கு இரண்டு ஞாபகம். ஒன்று, ஓடிக்கொண்டிருக்கிற ஞாபகம். இப்போது, இந்த நிமிஷம் அது எதைப் பார்த்து வேலை செய்கிறதோ, அது. ரன்னிங் கான்ஃபிக் என்பார்கள். கரன்ட் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு ஆயுசு. இன்னொன்று எழுதி வைத்த ஞாபகம். ஸ்டார்ட்டப் கான்ஃபிக். கரன்ட் போனாலும் அழியாது. பெட்டி கண் விழித்ததும் முதலில் அதைத்தான் படிக்கும். படித்து, 'ஓகோ, நான் இன்னார்' என்று தெரிந்துகொள்ளும்.

நாம் உட்கார்ந்து திருத்துவது எல்லாம் முதல் ஞாபகத்தில். திருத்தின உடனே வேலை செய்யும். ஆகா என்று இருக்கும். ஆனால் அதை இரண்டாவது ஞாபகத்துக்கு மாற்றச் சொல்லித் தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். சிஸ்கோ வழி வந்த பெட்டிகளில் அதற்கு 'டபிள்யூ, ஆர்' என்று இரண்டே எழுத்து அடித்தால் போதும். கொடுக்கவில்லை என்றால்? ஒன்றும் ஆகாது. கரன்ட் போகிற வரைக்கும் ஒன்றுமே ஆகாது!

"திருத்தினதை அதுவே எழுதி வெச்சுக்கக் கூடாதா? இது என்ன கிறுக்குத்தனம்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மறதியில் ஒரு கருணை இருக்கிறது. ஆவடியில் உட்கார்ந்துகொண்டு காக்களூர்ப் பெட்டியைத் திருத்துகிறேன். ஒரு வரி தப்பாகப் போய், என்னையே உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டால்? அதற்காக, திருத்துவதற்கு முன்னாலேயே 'பத்து நிமிஷம் கழித்து நீயே ஒரு தரம் அணைந்து எழுந்துகொள்' என்று சொல்லி வைத்துவிடுவோம். எல்லாம் சரியாக இருந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டுச் சேமித்துவிடலாம். மாட்டிக்கொண்டால் பத்தாவது நிமிஷம் பெட்டி எழுந்து, நான் செய்த அசட்டுத்தனத்தை எல்லாம் மறந்துவிட்டுப் பழையபடி 'வாங்க' என்று கதவைத் திறக்கும். சண்டை போட்டுவிட்டுத் தூங்கி எழுந்ததும் காப்பி கொடுக்கிற குணம்.

அந்தக் குணம்தான் என்னை ஒருநாள் கவிழ்த்தது.

*

2021 ஜனவரி 15 ஞாபகம் இருக்கிறதா? மாட்டுப் பொங்கல். நாட்டுக்கே அன்று ஒரு புது விதி அமலுக்கு வந்தது. லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்போனைக் கூப்பிட்டாலும் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். அதுவரை உள்வட்டத்துச் செல்போனுக்குப் பத்து எண்ணை அப்படியே அடித்தால் போதும். வெளிவட்டத்துக்குத்தான் பூஜ்யம். வருங்காலத்தில் எண்களுக்குப் பஞ்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பூஜ்யம் நமக்குப் புதுசு இல்லை. 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. வந்ததிலிருந்து ஊர் தாண்டிப் பேசுவது என்றாலே பழக்கமாகிப்போன எண்தான். ஆனால் என் காக்களூர்க் கம்பெனியில் ஒரு சிக்கல். அங்கே வெளி லைன் பிடிப்பதற்கே பூஜ்யம்தான் அடிக்க வேண்டும். அந்தப் பூஜ்யத்தைப் பெட்டி விழுங்கிவிட்டு மீதியை வெளியே அனுப்பும். இனிமேல் ஜனங்கள் இரண்டு பூஜ்யம் அடிக்க வேண்டும். ஒன்று பெட்டிக்கு, ஒன்று சர்க்காருக்கு!

நாற்பது பேருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபம் என்று நினைத்தேன். அவர்கள் வழக்கம்போல ஒரு பூஜ்யம் அடிக்கட்டும். செல்போன் எண் என்று தெரிந்தால் பெட்டியே இன்னொரு பூஜ்யத்தை ஒட்டிக்கொள்ளட்டும்.

கம்பெனி லீவு. ஊரெல்லாம் மாட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்க, நான் சி.டி.எச். ரோடில் வண்டியை விட்டுக்கொண்டு காக்களூர் வந்தேன். வழியெல்லாம் கொம்புக்கு பெயின்ட் அடித்த மாடுகள். கேட்டில் வாட்ச்மேன் பெரியவர் மட்டும். அறுபதைத் தாண்டியவர். முறுக்கின வெள்ளை மீசை. புட்லூர்ப் பக்கம் வீடு. உள்ளே விடுவதற்கு முன் நோட்டில் என் பெயர், வந்த நேரம், வண்டி எண், வந்த காரணம் எல்லாம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'பூஜ்யம் போட' என்று எழுதியிருந்தார்.

அரை மணியில் வேலை முடிந்தது. கேட் போனிலிருந்து என் செல்போனுக்கு அடித்துப் பார்க்கச் சொன்னேன். மணி அடித்தது. பெரியவருக்குச் சந்தோஷம்.

"இனிமே ரெண்டு பூஜ்யம் போட வாணாமா சார்?"

"வேண்டாம் பெரியவரே. நீங்க எப்பவும் போல ஒண்ணே போடுங்க. இன்னொண்ணைப் பெட்டி பார்த்துக்கும்."

இந்த வாக்கியத்தை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முடியாத வாக்கியம்.

அந்த நேரம் பார்த்து அதே செல்போனில் என் மனைவி. மச்சான் குடும்பத்தோடு வந்திருக்கிறாராம், வடை ஆறுகிறதாம். லேப்டாப்பை மூடினேன். கிளம்பினேன். இரண்டு எழுத்து அடிக்கவில்லை. டபிள்யூ, ஆர்.

பெரியவர் நோட்டில் நான் போன நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவர் சேமித்துவிட்டார். நான் சேமிக்கவில்லை.

*

பத்து மாசம் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனியில் நல்ல யு.பி.எஸ்., அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. 'பார்த்தீங்களா, பத்து மாசமா ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை' என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நவம்பர் வந்தது. 2021 நவம்பர் மழை சென்னைக்காரர்களுக்கும் திருவள்ளூர்க்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் போன கரன்ட் வரவே இல்லை. ஜெனரேட்டர் ரூமில் தண்ணீர். யு.பி.எஸ். இரண்டு மணி நேரம் கத்திவிட்டு அடங்கியது. ராத்திரி பதினொன்றுக்குக் கரன்ட் வந்தது. பெட்டி கண் விழித்தது. எழுதி வைத்த ஞாபகத்தை எடுத்துப் படித்தது. அதில் பொங்கலுக்கு முந்தின உலகம்தான் இருந்தது. புதுப் பூஜ்யம் இல்லை. பச்சை விளக்கு நாலும் பளிச்சென்று எரிந்தன. பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியவருக்கு நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. ஷிப்ட் கிடையாது, உள்ளே அவர் ஒருத்தர்தான். செல்போன் ரவுண்டு போனபோது மழையில் நனைந்து செத்துவிட்டது. கேட் போனை எடுத்திருக்கிறார். பெரியகுப்பத்தில் இருக்கிற சூப்பர்வைசரைக் கூப்பிட்டால் காரில் கால் மணியில் வந்துவிடுவார். பூஜ்யம் ஒன்று, அப்புறம் பத்து எண்.

ஒரு பெண் குரல் வந்து, செல்போன் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து அடிக்கச் சொன்னது.

அவர்தான் பூஜ்யம் சேர்த்திருக்கிறாரே! மறுபடியும் அடித்தார். அதே பெண், அதே புத்திமதி. நான்தானே சொன்னேன், ஒன்றே போடுங்கள், இன்னொன்றைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று. அவர் என்னை நம்பினார். நாலு தடவை நம்பினார்.

அப்புறம் அவர் செய்ததைக் கேளுங்கள். நோட்டை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதினார்: 'மணி 2.05 நெஞ்சு வலி. போன் போகவில்லை. மணி 2.20 பக்கத்துக் கம்பெனிக்குப் போகிறேன். கேட் பூட்டி உள்ளது.' எழுதிவிட்டு, பூட்டிவிட்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நெஞ்சைப் பிடித்தபடி பக்கத்து கேட்டுக்கு நடந்தார். அந்த வாட்ச்மேன் பையன் அவரைப் பைக்கில் தன் முதுகோடு துண்டால் கட்டிக்கொண்டு திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

"வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டாராம். நெஞ்சு சமாசாரத்தில் டாக்டர்களுக்கு அது முக்கியமான கேள்வி. பெரும்பாலானவர்கள் 'இப்பதான் சார், கொஞ்ச நேரம் முந்தி' என்று இழுப்பார்கள். இவர் நிமிஷத்தோடு சொன்னார்.

பிழைத்தார்.

*

மறுநாள் காலை எனக்கு போன். "வெளியே செல்போனுக்கு எதுவும் போகலை. வாட்ச்மேன் ராத்திரி ரொம்பக் கஷ்டப்பட்டுட்டார்."

வந்தேன். லேப்டாப்பைச் சொருகினேன். ரன்னிங் கான்ஃபிக்கைப் பார்த்தேன். பூஜ்யம் சேர்க்கிற வரி இல்லை. வயிற்றில் ஏதோ புரண்டது. அப்புறம் பெட்டியின் லாக்கைப் பார்த்தேன். யார், எப்போது, எந்த எண்ணைக் கூப்பிட்டார்கள் என்று பெட்டி வரிசையாகக் குறித்து வைத்திருக்கும். 2.07, 2.09, 2.12, 2.16. கேட் போனிலிருந்து ஒரே எண்ணுக்கு நாலு அழைப்பு. ஒவ்வொன்றும் அரை நிமிஷத்துக்குள். அந்தப் பெண் பேசி முடிக்கிற நேரம்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். பெட்டியைப் படிக்கத் தெரிந்தவனும் அங்கே நான் ஒருத்தன்தான். 'மழையில பெட்டி கொஞ்சம் குழம்பிடுச்சு சார், சரி பண்ணிட்டேன்' என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. சேமிக்க ஒரு கட்டளை இருப்பது போல, அந்த லாக்கை அழிக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. அதுவும் நீளம் இல்லை. வருஷக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் வேறு. கை கீபோர்டில் இருந்தது. நான் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு டீ ஆறுகிற நேரம் யோசித்தேன்.

அப்புறம் வரியைச் சேர்த்தேன். இரண்டு எழுத்து அடித்தேன். லாக்கை பிரின்ட் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், மழை இல்லை. பெட்டி இல்லை. நான்தான்."

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நாலு வரியை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். வெகுநேரம் கழித்து, "இந்த மாச பில் அனுப்பாதீங்க. அந்தக் காசை ஆஸ்பத்திரியில கொண்டு போய்க் கொடுங்க. நீங்களே போங்க" என்றார்.

அதுதான் பெரிய தண்டனை. போனேன்.

*

பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம், எவர்சில்வர் தூக்கோடு. ஆரஞ்சுப் பழங்களையும் கவரையும் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். ரன்னிங், ஸ்டார்ட்டப் எல்லாம் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, "மனசுல வெச்சிருந்தேன் பெரியவரே, எழுதி வைக்க மறந்துட்டேன். கரன்ட் போனதும் மனசுல இருந்தது போயிடுச்சு" என்றேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நம்ம வீரராகவர் கோயில் குளத்துல வெல்லம் கரைப்பாங்க, பார்த்திருக்கியா தம்பி? வெல்லம் கரையற மாதிரி சீக்கு கரையட்டும்னு வேண்டிக்குவாங்க. நீ நம்பரை இல்ல கொண்டு போய்க் கரைச்சுக்கினு வந்துட்டே!"

கேட்டில் எப்போதும் 'சார்'தான். அன்றுதான் முதல் தடவையாகத் 'தம்பி'. அவர் சம்சாரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் எட்டாங் கிளாஸு. எனக்கு ஞாபக சக்தி கம்மி. அதனால லாரி நுழையறப்பவே எழுதிடுவேன். அப்பால எழுதலாம்னு வெச்சா, எழுதவே மாட்டோம் தம்பி. உங்களுக்கெல்லாம் ஞாபக சக்தி ஜாஸ்தி. அதான் மாட்டிக்கிறீங்க."

இருபது வருஷமாக எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறேன். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, இருட்டு ஹாலில் திரையைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

*

அதற்குப் பிறகு என் வழக்கத்தைத் திருத்திக்கொண்டேன். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் உபயோகப்படும். இல்லாவிட்டாலும் வீட்டில் வை-ஃபை பெட்டி இருக்கும், கேட்டு வையுங்கள்.

முதலாவது, திருத்தின உடனே சேமிப்பது. டீ குடித்துவிட்டு அல்ல. மனைவியிடம் பேசிவிட்டு அல்ல.

இரண்டாவது, சேமித்தேன் என்று நானே நம்பாமல் இருப்பது. ஓடுகிற கான்ஃபிக்கையும் எழுதின கான்ஃபிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன். அப்புறம் கம்பெனியில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன். திரும்பச் சொருகி, அது எழுந்த பிறகு கேட் போனிலிருந்து ஒரு செல்போனுக்கு அடித்துப் பார்ப்பேன். அணைந்து எழுந்த பிறகும் நினைவு இருப்பதுதான் ஞாபகம். மற்றதெல்லாம் பேச்சு.

மூன்றாவது, பெட்டிக்கு வெளியே ஒரு காப்பி. பெட்டியே இடி விழுந்து எரிந்துவிட்டால் எழுதி வைத்த ஞாபகமும் சேர்ந்துதானே போகும்? முன்பெல்லாம் இந்தக் காப்பி அக்கவுன்ட்ஸ் அம்மாளின் கம்ப்யூட்டரில் இருந்தது. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் ஓகே', 'இதுதான் ஃபைனல்' என்று நாலு ஃபைல்கள். எது எந்த வருஷத்து ஃபைனல் என்று எழுதின எனக்கே தெரியாது. அதற்குள்ளேதான் லைனின் பாஸ்வேர்டும் இருக்கும். யாராவது எடுத்துப் போனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் கணக்கில் வெளிநாட்டுக்கெல்லாம் பேசித் தீர்த்துவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு காப்பிக்கும் பெயரில் தேதி உண்டு. உள்ளே முதல் வரியில் யார் திருத்தியது, ஏன் திருத்தியது என்று குறிப்பு உண்டு. பூட்டு உண்டு. 2021 நவம்பர் காப்பியைத் திறந்தால் முதல் வரியில் இன்றைக்கும் இருக்கிறது: 'பூஜ்யம் போட. இரண்டாம் முறை.'

நாலாவதாக ஒன்று. அன்றுதான் முதல் தடவையாக அந்த கேட் போனிலிருந்து 108 போகிறதா என்று பரிசோதித்தேன். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008 செப்டம்பரில். அந்தப் பெட்டியை நான் எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன், ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. போனது. ஆனால் 108 அடித்துவிட்டுக் காதில் வைத்தால், 'இன்னும் எண் வருமோ' என்று பத்து விநாடி யோசித்துவிட்டுப் போனது. வரி எழுதின லட்சணம் அப்படி. பத்து விநாடி ஒன்றும் பிரமாதம் இல்லை என்று நினைக்கிறீர்களா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, போன் ஊமையாக இருக்க, ஒன்று இரண்டு என்று பத்து வரை எண்ணிப் பாருங்கள். இப்போது 8-ஐ அழுத்தின கையோடு போய்விடுகிறது.

"ஏன் பெரியவரே, அன்னிக்கு 108-க்கு அடிச்சிருக்கலாமே?" என்று பிற்பாடு கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் எல்லாம் அடிபட்டவங்களுக்கு இல்லையா சார்? நமக்கு எதுக்கு?" என்றார்.

இதைத் திருத்துவதற்கு எந்தப் பெட்டியிலும் வரி இல்லை. பேசித்தான் திருத்த வேண்டியிருந்தது.

*

ஒரு மாசம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் நான் கிளம்பும்போது சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார், "சேவ் பண்ணிட்டீங்களா சார்?" அந்த இங்கிலீஷ் வார்த்தையை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றுக்கொண்டு பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற உத்தியோகத்துக்குப் போய்விட்டார். இப்போது கேட்டில் ஒரு சின்னப் பையன். காதில் ஒயர் இல்லாத ஹெட்போன், கையில் எப்போதும் செல்போன். பழைய கதை அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நோட்டில் கட்டம் இருக்கிறதே! நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கினாலும் பழசைப் பார்த்து அதே கட்டத்தைக் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாசம் ஒருநாள் அவசரம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பையன் நோட்டை நீட்டினான்.

"சார், சேவ்?"

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடப் போனேன். 'ச' என்று ஆரம்பித்த பேனா நின்றுவிட்டது.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி ஓடினேன்.

ரயில் போய்விட்டது. போகட்டும். ஆவடிக்கு அடுத்த ரயில் இருக்கிறது.